மவுத்தின் காரணம் கேட்பது கத்ருக்கு மாறானதா?

ஒரு வீட்டில் மவுத்து நேர்ந்தது என்று கேள்விப்பட்டதும் நாம் இன்னாலில்லாஹி ஓதுகிறோம். பிறகு, "என்ன ஆச்சு?" என்று விசாரிக்கிறோம். "நேரம் வந்துவிட்டது, போய்விட்டார்" என்று பதில் வருகிறது. ஈமான் கொண்ட உள்ளத்துக்கு அது உண்மையான பதில். ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்வின் கையில் இருக்கின்றன. இதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

சில நாட்கள் கழித்து அதே வீட்டுத் திண்ணையில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் கையில் படிவத்தோடு வந்து அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மவுத்தானவர் அந்த வீட்டு மருமகள். பிரசவமாகி மூன்றாம் நாள் கண்மூடியவர். வலி எப்போது கண்டது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது யார், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, அங்கே போனபின் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். வீட்டுப் பெரியவர் குறுக்கிடுகிறார்: "அல்லாஹ் கொடுத்தான், அவனே எடுத்துக்கொண்டான். போன பிள்ளையைப் பற்றித் தோண்டித் துருவி என்னம்மா ஆகப்போகிறது?"

இந்தச் சொல் தவக்குலா, அல்லது தவக்குலின் உடையை அணிந்த வேறொன்றா? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்குத் தேசிங்கு ராஜனின் கதை தெரிந்திருக்கும். 1714ல் ஆற்காட்டு நவாபு சஆதத்துல்லா கானின் படையோடு பொருதி மாண்டவன் அவன். மணப்பந்தலை விட்டு எழுந்து வந்து அவனுக்காக உயிர் கொடுத்த முஸ்லிம் தோழனைப் பற்றியும் நாட்டார் கதை சொல்கிறது. எந்தக் குதிரையில் போனான், எந்தக் களத்தில் விழுந்தான் என்று முந்நூறு ஆண்டுகளாக ஊர் பேசுகிறது. ஆனால் அந்த மலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் உழுது, நெய்து, வியாபாரம் செய்து மாண்ட லட்சக்கணக்கான மக்கள் எதனால் மாண்டார்கள் என்று யார் கேட்டார்கள்? அரசனின் மரணம் காவியமாயிற்று. ஏழையின் மரணம் பதிவேட்டில் ஒரு வரியாயிற்று. பல வேளைகளில் அந்த வரியிலும் "நெஞ்சுவலி", "காய்ச்சல்", "முதுமை" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்படிக் கேட்கவும் ஒரு காலம் வந்தது. செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தின் கிராமங்களில் 1997, 1998 ஆண்டுகளில் மாண்ட வயது வந்தோர் ஏறத்தாழ 32,000 பேரைப் பற்றி அவரவர் வீடு தேடிச் சென்று விசாரித்தார்கள். அதற்குச் சற்று முன் சென்னை நகரில் 48,000 பேரைப் பற்றி இவ்வாறே விசாரிக்கப்பட்டது. இந்தப் பணியை நடத்தியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வேந்தன் கஜலட்சுமி. உடன் நின்றவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோ. இதில் உடலை அறுத்துப் பார்க்கும் வேலை எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற பட்டதாரிகள் கணவனையோ மனைவியையோ நெருங்கிய உறவினரையோ சந்தித்து, கடைசி நாட்களின் நோயையும் சிகிச்சையையும் தமிழிலேயே எழுதி வாங்கினார்கள். ஒவ்வோர் அறிக்கையையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தைத் தீர்மானித்தார்கள்.

இதனால் என்ன கிடைத்தது? தமிழ்நாட்டில் மாண்ட 43,000 ஆண்களையும் உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு 2003ல் வெளியான ஆய்வு, காசநோயால் மாண்ட ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் மரணத்துக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று காட்டியது. அந்தத் தாய்மாரும் விதவைகளும் கண்ணீரோடு சொன்ன பதில்கள், இன்று பீடியைக் கீழே போட நினைக்கும் ஒரு மகனுக்கு எச்சரிக்கையாக நிற்கின்றன. மவுத்தானவரைப் பற்றிக் கேட்ட கேள்வி உயிரோடு இருப்பவருக்குப் பயன்பட்டது.

இனி மார்க்கத்துக்கு வருவோம். கத்ரை நம்புகிறவன் காரணத்தைத் தேடலாமா? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். காரணங்களும் அவன் படைத்தவையே. அவற்றை அறிவதும் அவன் விதிக்குள் அடங்கியதே.

இதைவிட நேரான சான்று அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயமாயிற்று. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்றார்கள். குளித்தார், மவுத்தாகிவிட்டார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, "அவருடைய அஜல் முடிந்தது" என்று சொல்லி அதை விட்டுவிடவில்லை. அவருடைய சாவுக்கு அந்தத் தோழர்களே காரணமானார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்று வினவி, அறியாமைக்குக் கேள்விதான் மருந்து என்று உணர்த்தினார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, விதியை நமக்குக் கற்றுக்கொடுத்த நபியே ஒரு மவுத்தின் காரணத்தை விசாரித்தார்கள். இரண்டாவது, தண்ணீர் பட்டதோடு விசாரணையை நிறுத்தாமல், அதற்கு அடியில் இருந்த அறியாமை வரை சென்றார்கள். மூன்றாவது, தவறான பதில் சொன்னவர்களின் பெயர்கள் அந்த அறிவிப்பில் இல்லை. பாடம் கியாமத் நாள் வரை நிற்க, பெயர்கள் மறைக்கப்பட்டுவிட்டன.

பிற்கால முஸ்லிம்களும் இதை உணர்ந்திருந்தார்கள். ஹிஜ்ரி 319ல், அதாவது 931ல், பாக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா அல்முக்ததிருக்கு எட்டியது. சினான் இப்னு ஸாபித்திடம் தேர்வு பெறாத எவரும் மருத்துவம் செய்யக்கூடாதென்று அவர் உத்தரவிட்டார். எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வந்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. ஒரு மரணத்தின் காரணம் கேட்கப்பட்டதால் ஒரு நகரத்தின் ஏற்பாடே மாறியது.

நம் தமிழ்நாட்டில் கர்ப்பகாலத்திலோ, அது முடிந்து 42 நாட்களுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால் அந்த மரணத்தை ஆராயும் வழக்கம் 1990களில் தொடங்கி, 2004ல் கட்டாயமாக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு குழு அமர்கிறது. வீட்டிலும் விசாரிக்கிறார்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையிலும் ஆய்வு நடக்கிறது. 2001-03ல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018-20ல் 54 ஆகக் குறைந்தது. இரவு பகலாகப் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 வண்டி, இரத்த வங்கி எல்லாம் சேர்ந்து தந்த பலன் இது. ஆனாலும் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததில் இந்த விசாரணைக்கும் பங்குண்டு.

இப்படிப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் முன்னால் ஒரு கட்டுக் காகிதம் இருக்கிறது. எதிரே அவரோடு தினமும் வேலை செய்யும் டாக்டர்களும் நர்சுகளும் அமர்ந்திருக்கிறார்கள். அவரை நான்கு சோதனைகள் சூழ்கின்றன. "இதயம் நின்றது" என்று எழுதி முடித்துவிடலாம் என்பது ஒன்று. இதயம் நிற்காமல் இறந்தவர் யார்? அது இறப்பின் காரணமாகாது, இறப்பே அதுதான். தன் நண்பரைக் காப்பாற்றலாம் என்பது இரண்டாவது. இருப்பவர்களில் எளியவரான நர்சு மீதோ ஆயா மீதோ பழியைப் போட்டுவிடலாம் என்பது மூன்றாவது. அறைக்குள் கேட்டதை வெளியே கதையாக்கலாம் என்பது நான்காவது. இந்த நான்கும் அமானத் மோசடியே.

நீதிக்காகச் சாட்சி சொல்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரியே என்று சூரத்துன் நிஸா கட்டளையிடுகிறது. சாட்சியை மறைப்பவரின் இதயம் பாவமுடையது என்று சூரத்துல் பகரா எச்சரிக்கிறது. சூரத்துல் ஹுஜுராத்தோ துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. இவை முரண்படுகின்றனவா? இல்லை. அநீதியைத் தடுக்கவும் மக்களை ஆபத்திலிருந்து எச்சரிக்கவும் ஒருவரின் குறையைப் பேசுவது புறம் ஆகாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தெளிவாக்கியுள்ளார்கள். தேவையான அளவு பேசலாம், தேவைப்பட்டவர்களிடம் பேசலாம். தலைமை ஏற்பவர் காக்கவேண்டிய வரம்பு இதுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இந்த ஆய்வுகளில் பெயர் சொல்லாமை, பழி சுமத்தாமை என்பது விதி. அப்படியானால் குற்றம் செய்தவர் தப்பிவிடுகிறாரே? மனைவியை இழந்தவனுக்கு இது ஆறுதலாகுமா? இதை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆய்வு மேசை காஜியின் சபை அல்ல. பயந்தவன் உண்மை சொல்லமாட்டான். உண்மை வராவிட்டால் அடுத்த தாயும் அதே வழியில் போவாள். அதனால் அங்கே பாதுகாப்பு தேவை. ஆனால் மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் இழப்புக்குப் பொறுப்பாளி என்றும் ஹதீஸ் உண்டு. வேண்டுமென்றே கைவிட்டவருக்கும், மது அருந்திவிட்டுப் பணிக்கு வந்தவருக்கும், பணம் கேட்டு நேரத்தைக் கொன்றவருக்கும் முறையீட்டு வாசல் தனியே உண்டு. அந்த வாசலை மூடுவதற்கு ஆய்வைப் பூட்டாகப் பயன்படுத்தினால், அது கபனால் குற்றத்தை மூடுவதாகும்.

இன்னொரு கடனும் உண்டு. கலெக்டர் நடத்தும் ஆய்வுக்கு உறவினரை அழைக்கிறார்கள். அவர்கள் சொல்லவேண்டியதைச் சொன்னபின் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் அமர்ந்து அலசுகிறார்கள். பிறகு என்ன முடிவாயிற்று, எது திருத்தப்பட்டது என்று அந்த வீட்டுக்கு யார் சொல்வது? தங்கள் துக்கத்தைச் சாட்சியாகக் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்வது தலைமையின் கடமை. யார் பெயரையும் சொல்லவேண்டாம். "உங்கள் பிள்ளைக்கு இரத்தம் கிடைக்கத் தாமதமாயிற்று; இனி அது இங்கேயே இருக்கும்" என்ற ஒரு சொல் போதும்.

நம் வீட்டின் பங்கையும் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று மூன்று தாமதங்களைச் சொல்வார்கள். மூன்றாவதை நாம் உரக்கப் பேசுகிறோம். முதலாவதை விழுங்கிவிடுகிறோம். "அரபுநாட்டிலிருந்து மகன் போன் செய்யட்டும்" என்று காத்திருந்ததும், "நாங்களெல்லாம் வீட்டில் பெறவில்லையா?" என்று மாமியார் சொன்னதும் படிவத்தில் ஏறுவதில்லை. குடும்ப மானத்தைக் காப்பதாக நினைத்து நாம் மறைப்பது, அடுத்த தெருவில் நிறைமாதமாக இருக்கும் ஒரு பெண்ணின் உயிரையாக இருக்கலாம். ஓர் உயிரை வாழவைப்பவர் மனிதர் யாவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற சூரத்துல் மாயிதாவின் போதனை இங்கேயும் பொருந்தும்.

பிரசவத்தில் மவுத்தானவர் ஷஹீத் என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். உண்மைதான், அது அவளுக்கு அல்லாஹ் தரும் அந்தஸ்து. அது நம்முடைய அலட்சியத்துக்கு வழங்கப்பட்ட மன்னிப்புச் சீட்டு அல்ல. ஷஹீதின் இரத்தத்தைக் காட்டி நம் கையைக் கழுவிக்கொள்ள முடியுமா?

ஆகவே மவுத்து நேர்ந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் நேர்ந்ததாயின் காரணச் சான்றின் நகலைக் கேளுங்கள். 2023ல் திருத்தப்பட்ட சட்டம் அதை நெருங்கிய உறவினருக்குத் தரச் சொல்கிறது. விசாரிக்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தாமல் உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நம் தவறும் அதில் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மஸ்ஜிதுன்னபவியைக் கூட்டிப் பெருக்கிய ஓர் எளிய பெண்மணியைக் காணாமல் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் மவுத்தாகிவிட்டார் என்று சொல்லப்பட்டது. சிறிய விஷயம் என்றெண்ணிச் சஹாபாக்கள் தெரிவிக்காமல் இருந்திருந்தார்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ரைத் தேடிச் சென்று தொழுதார்கள். எந்த மவுத்தும் சிறியதல்ல என்று அந்தக் கேள்வி நமக்குச் சொல்கிறது. ஆய்வுக்குத் தலைமை தாங்குகிறவரும், திண்ணையில் பதில் சொல்கிறவரும் அதை நெஞ்சில் வைத்துக்கொள்ள வல்ல ரஹ்மான் தவ்பீக் செய்வானாக. ஆமீன்.