கழுத்தில் விழுந்த கீறல்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. ஆயாவுக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்தது. அதன் கழுத்தில் தொடங்கித் தோள்வரை நாலு விரற்கடை நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடுகிறது. கத்தியால் கீறியது போல நேரான விரிசல்.

அம்மா வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த மூன்றாம் வருஷம், ஒரு கல்யாண வேலைக்காகக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் துலக்கித் தண்ணீர் மொண்டபோது இடுப்புச் சேலை நனைந்திருக்கிறது. அன்றைக்குத்தான் விரிசல் தெரிந்தது. "எங்கயோ போட்டுட்டு வந்து நிக்கிறா" என்றாள் ஆயா. அம்மா இல்லை என்றாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம், வீட்டில் எது கைதவறினாலும் அந்தக் குடத்தின் பேச்சு வரும். பாகூர் கொம்யூனில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் சின்ன ஊர் எங்களுடையது. மருமகள் குடத்தை உடைத்த கதை இங்கே ஒரு வீட்டோடு நிற்காது.

இந்தக் குடத்தைப் பற்றி எனக்கு உண்மையைச் சொன்னது துப்பாக்கித் தோட்டா. சொன்னவர் மாமா, அம்மாவின் அண்ணன்.

மாமா வில்லியனூர்க்காரர். ஊரில் அவரைச் 'சொல்தா' என்பார்கள். புதுச்சேரிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஒப்பந்தம் தந்த உரிமையின்படி பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். மாமாவும் அப்படிப் போனவர்தான். ஓய்வு பெற்ற பின் தெற்கு பிரான்சில் ஒரு சுடும் கழகத்தில் உறுப்பினராகி, இருநூறு மீட்டர் தூரத்தில் காகித வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதையே தவமாக வைத்துக்கொண்டார். தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வார். அங்கே உரிமம் பெற்றவர்களுக்குச் சட்டம் அதை அனுமதிக்கிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கடுமையானது. அதனால் ஊருக்கு வரும்போது ஒரு வெற்றுக் கூட்டைக்கூட அவர் பெட்டியில் போட்டு எடுத்துவந்ததில்லை.

எனக்குத் தோட்டாக்கூடு அறிமுகமானது கல்லூரி என்.சி.சி.யில். பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிளில் ஆளுக்கு ஐந்து ரவை கொடுப்பார்கள். சுட்டு முடித்ததும் ஐந்து வெற்றுக்கூடும் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லுக்குள் மண்டியிட்டு எல்லோரும் தேடுவோம். "அத வச்சு என்ன செய்யப் போறாங்க?" என்று மாமாவிடம் கேட்டதில்தான் பேச்சே தொடங்கியது. அந்தச் சின்ன ரவையில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. அடி விழுந்ததும் விளிம்பு நசுங்கிவிடும், திரும்ப நிரப்ப முடியாது. பெரிய ரைபிளின் கூடு அப்படியில்லை. அதன் அடியில் நடுவில் பிரைமர் என்ற சிறு மூடி தனியாகப் பொருந்தியிருக்கும். சுட்டதும் அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்கலாம், மருந்து போடலாம், முனையில் குண்டைப் பொருத்தலாம். நல்ல கூடு பத்துத் தடவைக்கு மேலும் உழைக்கும்.

அன்று ஐப்பசி மழை. "கூடு எப்டி இருக்கும் தெரியுமா மாப்ள? ஒரு குடத்த எடு" என்றார். சமையற்கட்டில் இருந்தவை எல்லாம் பிளாஸ்டிக். பரணில் ஏறிக் கீறல் விழுந்த குடத்தை இறக்கினேன்.

ரைபிள் தோட்டாக்கூட்டுக்கும் குடத்துக்கும் உறுப்புகள் ஒன்றேதான். உடல், அது சரியும் இடத்தில் தோள், அதற்கு மேல் ஒடுங்கிய கழுத்து, கடைசியில் வாய். உலோகமும் ஏறக்குறைய ஒன்று. கூட்டுப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். பித்தளைத் தகட்டில் காசுபோல ஒரு வில்லை வெட்டி, அதை அழுத்திக் கிண்ணமாக்கி, கிண்ணத்தை இழுத்து இழுத்து நீட்டிக் கூடாக்குகிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பித்தளை இறுகிப்போகும். அடுத்த இழுப்புக்கு முன் சுட்டு ஆற்றி இளக்க வேண்டும். கன்னார் குடத்தை அடிக்கும்போது நடுநடுவே நெருப்பில் காட்டுவது இதற்காகத்தான்.

வெடிக்கும் நொடியில் இந்த மெல்லிய கூட்டுக்குள் சதுர அங்குலத்துக்கு அறுபதாயிரம் பவுண்டு வரை அழுத்தம் எழும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம். அந்த நொடியில் கழுத்தும் உடலும் விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, எரிவாயு பின்பக்கம் கசியாமல் அடைக்க வேண்டும். அடுத்த நொடியில் கொஞ்சம் சுருங்கி, சுலபமாக வெளியே வர வேண்டும். அடிப்பாகம் மட்டும் அசையவே கூடாது. ஆகவே ஒரே கூட்டில் அடி கடினமாகவும் கழுத்து இளக்கமாகவும் இருக்க வேண்டும்.

சரி, நல்ல கூட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் வலுவைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாமா ஒப்புமையைச் சொன்னார். நூறு கூடு வாங்கினால் நூறும் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நுண்தராசில் நிறுப்பார். வெளியளவு ஒன்றாக இருந்தும் ஒரு கூடு கனமாக இருந்தால், அதன் சுவர் தடிப்பு, உள்ளே இடம் குறைவு என்று பெரும்பாலும் பொருள். அதே அளவு மருந்து அங்கே கூடுதல் அழுத்தம் தரும், குண்டின் வேகம் மாறும், தூரத்துக் காகிதத்தில் துளை மேலே ஏறிவிடும். சந்தேகம் வந்தால் கூட்டில் தண்ணீர் நிரப்பி நிறுத்து உள்ளிடத்தையே அளந்துவிடுவார். கழுத்துச் சுவரின் கனம் சுற்றிலும் ஒரே சீரா என்று கருவி வைத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் தடித்த கழுத்து குண்டைக் கோணலாகப் பிடிக்கும். பிரைமரும் கவனிக்க வேண்டியது. இங்கிலாந்தின் பாக்ஸர், அமெரிக்காவின் பெர்டான் இருவரும் 1860-களில் ஆளுக்கொரு முறை கண்டார்கள். பெர்டான் கூட்டில் தீ போகும் துளை இரண்டு, ஓரத்தில் இருக்கும். பழைய பிரைமரைத் தள்ளி எடுப்பது தொல்லை. பாக்ஸர் கூட்டில் நடுவில் ஒரே துளை, ஊசியால் ஒரு தள்ளு போதும். தானே நிரப்புகிறவர்கள் பாக்ஸரைத்தான் தேடுவார்கள்.

ஒன்றுபோல இன்னொன்று இருப்பதுதான் குறியின் அடிப்படை என்பதற்கு எங்கள் பாகூரே சாட்சி. 1752 செப்டம்பர் 6-இல் (அப்போதைய ஆங்கிலேயர் நாட்காட்டிப்படி ஆகஸ்ட் 26) ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் உறவினர் கெர்ழானின் படையும் இங்கே மோதின. இரு பக்கமும் மருந்தும் குண்டும் மடித்த காகிதத் தோட்டா. வேகமாகத் திணிக்க வசதியாகக் குண்டு குழலைவிடச் சிறிதாக இருந்தது. குழலுக்குள் ஒவ்வொன்றும் தன்போக்கில் தட்டித் தடுமாறி வெளியேறும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது அரிது. அந்தச் சண்டையை முடித்தது துப்பாக்கி முனையின் ஈட்டி. கெர்ழான் சிறைப்பட்டார். இன்று அந்தப் பக்கமெல்லாம் நெல் வயல்.

மாமா சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது கழுத்தின் நிறம். பின்லாந்தின் லாப்புவா கம்பெனி தன் கூடுகளின் கழுத்தில், கடைசியாகச் சுட்டு ஆற்றிய தீயின் நீலமும் ஊதாவுமான கறையை அப்படியே விட்டுவைக்கிறது. பட்டாளத்துக் கூடுகளிலும் அந்தக் கறை இருக்கும். கடைக்கு வரும் வேறு பல கூடுகளில் அதைத் தேய்த்துப் பொன்போல மினுக்கிவிடுகிறார்கள். புதிதாக வாங்குகிறவர் மினுமினுப்பைத் தேடுவார். "நான் கறையத்தான் தேடுவேன். நெருப்பக் காட்டியிருக்காங்கன்னு அது சொல்லுது" என்றார் மாமா.

ஒவ்வொரு முறை சுட்டு, பழைய அளவுக்கு அழுத்தும்போதும் கழுத்து இறுகிக்கொண்டே வரும். விட்டால் பிளக்கும். அதனால் சில தடவைக்கு ஒருமுறை கழுத்துக்கு மட்டும் தீ காட்ட வேண்டும். பழைய ஆட்கள் கூடுகளைத் தட்டில் நிற்க வைத்து, பாதி உயரம் தண்ணீர் ஊற்றி, மேலே மட்டும் சுடர் காட்டுவார்களாம். அடிக்குச் சூடு ஏறினால் அது இளகிவிடும், பிறகு அந்தக் கூட்டை நம்பக் கூடாது. வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு அடிச்சுவரைத் தடவியும் பார்ப்பார். கம்பி முனை ஒரு பள்ளத்தில் இடறினால் அங்கே சுவர் மெலிந்து அறுந்துபோகக் காத்திருக்கிறது என்று பொருள். வெளியே ஒன்றும் தெரியாதபோதே அந்தக் கூட்டை நசுக்கிப் போட்டுவிடுவார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு இருக்கும். எந்தத் தொகுதி, எத்தனை முறை சுட்டது, எப்போது தீ காட்டியது என்று அதில் எழுதியிருக்கும். யாரோ விட்டுப்போன கூட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர் எடுப்பதில்லை. அது என்னவெல்லாம் பட்டது என்று அவருக்குத் தெரியாது.

பேசிக்கொண்டே குடத்தைத் திருப்பியவர், கீறலைக் கண்டதும் நிறுத்திவிட்டார். விரலால் அதன் நெடுகத் தடவினார். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போனார். "இது எங்க இருந்துச்சு?" என்றார்.

குழாய்த் தண்ணீர் வந்த பிறகு குடத்துக்கு வேலை குறைந்து, ஆயாவே அதைத் தொழுவத்து மூலையில் வைத்துப் பருத்திக்கொட்டை போட்டு வைத்திருந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து அதைச் சொன்னாள். நாலு மாடு கட்டிய தொழுவம். இரண்டு மழைக்காலம் குடம் அங்கேதான் இருந்தது.

மாமா ஒரு பழைய கதை சொன்னார். ஆங்கிலேயர் காலத்தில், மழை மாதங்களில் படை நகராது. அப்போது பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் யாரும் தொடாத கூடுகள் கழுத்தில் வெடித்திருந்தன. பருவகாலத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயரிட்டார்கள். காரணம் முழுசாகத் துலங்கியது 1921-இல்தான். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள். இழுத்து வடித்தபோது உண்டான இறுக்கம் பித்தளைக்குள் அடங்கிக் கிடக்கிறது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றில் கலந்து அந்த இறுகிய இடத்தைத் தின்கிறது. இரண்டும் சேர்ந்தால் பித்தளை தானே பிளக்கும். செய்து முடித்ததும் மிதமாகச் சூடு காட்டி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் அதே லாயத்தில் வைத்தாலும் தப்பிக்கும்.

"கீழ போட்ட குடம் நசுங்கும் பாப்பா. இதுல ஒரு சொட்டை இருக்கா பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டார் மாமா. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். குடத்தில் எங்கேயும் நசுங்கல் இல்லை. முப்பது வருஷம் எங்கள் கண்ணெதிரே இருந்த சாட்சியம் அது. அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆயா இருக்கறப்பவே இத நீ சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாள்.

ஆயா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சீட்டுகளின் ஞாபகம் அடிக்கடி வருகிறது. உயிரில்லாத பித்தளைக்கு, அது எங்கே பிறந்தது, எத்தனை அடி வாங்கியது, எப்போது ஆற்றப்பட்டது என்று ஒருவர் எழுதி வைக்கிறார். மனிதர்கள் வெடிக்கும்போது நாம் பார்ப்பது வெடித்த நாளை மட்டுமே. அன்று பக்கத்தில் யார் நின்றார், குடம் யார் இடுப்பில் இருந்தது என்றுதான் கேட்கிறோம். அடித்து வடித்த கைகள் எப்போதோ விலகிப் போயிருக்கும். உள்ளே அடங்கிய இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது. பிளக்க வைத்தது வருஷக்கணக்கில் சூழ்ந்திருந்த காற்று. பழி கடைசியாகத் தொட்டவர் மேல் விழுகிறது. ஆயாவையும் நான் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். பதினான்கு வயதில் தாலி கட்டிக்கொண்டு வந்தவள். அவளுக்குள் எந்த வருஷத்து அடி இறுகிக் கிடந்ததோ, அதை ஆற்ற இந்த வீட்டில் யாரும் ஒருநாளும் இதமாகச் சூடு காட்டியதில்லை. அவள் சொல்லில் வந்த கீறலை அம்மா முப்பது வருஷம் சுமந்தாள்.

குடத்தை விற்கலாமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றாள். போகிக்கு முதல் நாள் அவளே அதைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, புளி போட்டுத் துலக்கி, திரும்ப மேலே வைக்கச் சொல்கிறாள். தொழுவத்தை விட்டு வந்த பிறகு விரிசல் ஒரு விரற்கடைகூட வளரவில்லை.