தத்தன் நடந்த தூரம்

(கார்த்திகை உத்திரம், மெய்ப்பொருள் நாயனார் குருபூசையன்று, கெடா மாநிலம் பீடோங் வட்டாரத் தோட்டக் கோயில் ஒன்றில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே அச்சிடப்பட்டுள்ளது.)

திருச்சிற்றம்பலம்.

தாய்மார்களே, பெரியவர்களே, கதவோரமாக நிற்கிற தம்பிமார்களே! முதலில் உள்ளே வந்து உட்காருங்கள். மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரைச் சத்தத்தில் வெளியே நிற்கிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றால் சோறு முதலில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பேச்சு முடிந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும் என்று அக்காமார்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். (சிரிப்பு)

இன்று கார்த்திகை உத்திரம். மெய்ப்பொருள் நாயனார் குருபூசை. "கதை எங்களுக்குத் தெரியும் சாமி" என்பீர்கள். தெரிந்த கதையைத்தான் திரும்பக் கேட்க வேண்டும். தெரியாத கதையில் அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனம் ஓடும். தெரிந்த கதையில்தான் மனம் ஓரிடத்தில் நிற்கும்.

நாயனார் திருக்கோவலூர் அரசர். போர்க்களத்தில் அவரை ஜெயிக்க முடியாதவன் முத்தநாதன். என்ன செய்தான்? உடம்பெல்லாம் திருநீறு பூசினான், சடை முடித்தான், சுவடிக்கட்டுக்குள்ளே கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். எல்லா வாசலும் திறந்துவிட்டது. கடைசி வாசலில் ஒருவன் மட்டும் தடுத்தான். அவன்தான் தத்தன். "அரசர் உறங்குகிறார், நேரம் பார்த்து வாருங்கள்" என்றான். முத்தநாதன் கேட்கவில்லை. உள்ளே போனான். அரசர் எழுந்தார், வணங்கினார், அவனை மேலே உட்காரவைத்துவிட்டுத் தான் கீழே உட்கார்ந்தார். எங்கும் இல்லாத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், தனியாகத்தான் சொல்வேன் என்கிறான். அரசியை அனுப்பிவிட்டார். குனிந்து வணங்குகிறார். அந்த நேரத்தில் சுவடியைப் பிரிக்கிறது போலப் பிரித்து, கத்தியை எடுத்துக் குத்திவிட்டான்.

இப்போது தத்தனைப் பாருங்கள். எல்லாரும் அரசரைப் பார்க்கிறோம், நான் தத்தனைப் பார்க்கச் சொல்கிறேன். சந்தேகப்பட்டது அவன் ஒருவன்தான். அவன் சந்தேகம் சரி. அவன் கோபமும் சரி. பாய்ந்து வந்து வாளை ஓங்கிவிட்டான். ஓங்கின கை ஓங்கினபடி இருக்கிறது. ரத்தத்தில் சாய்கிற அரசர் கையை நீட்டித் தடுக்கிறார். தத்தா, வெட்டாதே, இவர் நம்மவர் என்கிறார். தத்தன் கும்பிட்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். இவரை ஒருவரும் தொடாமல் ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டு வா என்கிறார்.

கொண்டுபோனானா இல்லையா? சொல்லுங்கள், சத்தமாக! கொண்டுபோனான். ஊரே திரண்டு நிற்கிறது, கொல்லு கொல்லு என்கிறது. தத்தன் குறுக்கே நிற்கிறான், அரசர் கட்டளை என்கிறான். ஊர்க்காரன் யாரும் வராத காட்டோரம்வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடி வருகிறான். அந்தச் சேதி காதில் விழுகிறவரை அரசர் உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்பர்களே, வாளை ஓங்குவதற்கு ஒரு நொடி போதும். அந்த நடை எவ்வளவு தூரம்! தன் அரசரைக் குத்தினவனுக்குப் பக்கத்தில், அவன் மேல் கல் படாமல், தன் ஜனத்தையே தடுத்துக்கொண்டு நடப்பது. வெட்டுவது சுலபம், கூட நடப்பதுதான் கஷ்டம். இதை இன்று பத்துத் தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருக்கோவலூர் கதையை இங்கே பீடோங்கில் ஏன் சொல்கிறேன்? இந்த மண்ணிலும் தத்தன்மார் இருந்தார்கள். ஹார்வர்டு தோட்டம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு கோல்ஃப் மைதானம்தான் ஞாபகம் வரும். 1946, 47-இல் அந்தத் தோட்டத்திலிருந்துதான் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. தெரியுமா உங்களுக்கு? பின்வரிசையில் ஒரு தாத்தா தலையாட்டுகிறார். அவர் அப்பா சொல்லியிருப்பார். மற்றவர்கள் முழிக்கிறீர்கள். கடாரத்தின் மேல், அதாவது இந்தக் கெடாவின் மேல், ராஜேந்திர சோழன் படையெடுத்தது 1025 என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். உங்கள் தாத்தா நெஞ்சை நிமிர்த்தி நின்ற வருஷம் தெரியவில்லையே! இதற்கு நான் கோபப்படத்தான் செய்வேன்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜப்பான்காரன் காலம் முடிந்த நேரம். சயாம் மரண ரயில் வேலைக்குப் போனவர்களில் பல பேர் வீடு திரும்பவில்லை. விடியுமுன்னே பிரட்டில் ஆள் கணக்கு, பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டு, வாளி தூக்கி வந்து ஸ்டோரில் நிறுத்துப் போடுவது. சாயங்காலம் ஆனால் போக ஒரே இடம், லைசென்ஸ் வாங்கித் தோட்டத்துக்குள்ளேயே நடந்த கள்ளுக்கடை. சம்பளம் ஒரு கதவு வழியாக வந்து இன்னொரு கதவு வழியாகத் தோட்டத்துக்கே போனது. தொழிலாளர் லயத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை, அடி மட்டும் விழுந்தது.

அப்போதுதான் இளைஞர்கள் தொண்டர் படையாக எழுந்தார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி எடுத்தவர்கள் அவர்களில் உண்டு. வரிசையாக நின்றார்கள், அணிவகுத்தார்கள், கள்ளுக்கடை முன்னே மறியல் செய்தார்கள். கடையை மூடு என்று கேட்டார்கள். கேட்டது தப்பா? சத்தியமாகத் தப்பில்லை! திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கவில்லையா?

1947 பிப்ரவரி கடைசியில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் பாய்ந்தது. அதில் அடிபட்ட ஒரு தொழிலாளி செத்துப்போனார். மார்ச் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது, அங்கேயும் ஓர் உயிர் போனது. ஏப்ரலில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் தொழிலாளர்கள் கைதானார்கள். மறு வருஷம் ஜூனில் அவசர காலம் வந்தது, அதற்குப் பிறகு கூட்டம் போட ஏது வழி? அந்தப் பிள்ளைகளுக்காக இந்தக் கோயிலில் ஒரு நாளாவது மோட்ச தீபம் போட்டோமா? போட வேண்டும். நிர்வாகத்தார் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவது கசக்கும். தொண்டர் படை கடையை மட்டும் எதிர்க்கவில்லை. குடித்தவனைப் பிடித்துத் தண்டித்ததும் நடந்தது என்று அந்தக் காலத்தை எழுதினவர்கள் எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தக் குடிகாரன் யார்? அதே லயத்துக்காரன். சயாமில் அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் குடித்தவனாக இருப்பான். கடை வைத்தவன் மேலே பங்களாவில் இருக்கிறான், அவன் மேல் கை வைக்க முடியாது. கைக்கு எட்டினவன் குடித்தவன்தான். ஓங்கின வாள் எங்கே இறங்குகிறது பார்த்தீர்களா? முத்தநாதன் மேல்கூட இறங்கவில்லை, சொந்தச் சித்தப்பன் மேல் இறங்குகிறது!

தத்தா, இவர் நம்மவர். இந்தக் குரல் அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும்.

காந்தி அடிகளுக்கு அந்தக் குரல் கேட்டது. 1922 பிப்ரவரி, சௌரி சௌரா. ஜனங்கள் கோபத்தில் போலீஸ் நிலையத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். 20-க்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் செத்தார்கள். தேசமே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திவிட்டார். கூட இருந்த தலைவர்களே கோபப்பட்டார்கள். தவறு செய்தது கூட்டம், உண்ணாவிரதம் இருந்தது அவர்.

ஈ.வெ.ரா. பெரியாரையும் சொல்கிறேன். சாமி இல்லை என்றவர் பேரைச் சந்நிதியில் சொல்லலாமா என்று யாரும் முறைக்க வேண்டாம். நல்லதை யார் செய்தாலும் நல்லது. 1929-இல் பினாங்கில் வந்து இறங்கி நம் ஜனத்துக்குப் புத்தி சொன்னவர் அவர். காங்கிரசில் இருந்த காலத்தில், கள்ளுக்கு எதிராகத் தன் சொந்தத் தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்தார். மரம் என்ன பாவம் செய்தது என்று எனக்கு மனசு வலிக்கும், அது வேறு. ஆனால் அவர் வெட்டினது தன் சொத்தை. நஷ்டம் அவருக்கு. போராடுகிற தம்பிமார் எல்லாருக்கும் இதுதான் அளவுகோல்: உன் போராட்டத்தின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? உன் தலையில் விழுந்தால் அது தவம். எளியவன் தலையில் விழுந்தால் நிறுத்து, நின்று யோசி.

ஒரு அம்மா கையைத் தூக்குகிறார்கள். சொல்லுங்கள் அம்மா... சரி. "அப்படியானால் அடிக்கிற புருஷனையும் நம்மவர் என்று பொறுத்துக்கொள்ள வேண்டுமா சாமி?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் போனால் நான் பேசினதெல்லாம் பொய்.

கூடாது. கூடவே கூடாது. நன்றாகக் கேளுங்கள். கத்திக் காயம் யார் உடம்பில்? அரசர் உடம்பில். மன்னித்தது யார்? அரசர். குத்துப்பட்டவர் மன்னித்தார். தத்தன் மன்னிக்கவில்லை, அந்த உரிமை அவனுக்குக் கிடையாது. அவன் அரசர் சொன்னதைச் செய்தான். உன் கன்னத்தில் விழுந்த அடியை நீ மன்னிக்கலாம். உன் தங்கச்சி கன்னத்தில் விழுந்த அடியை மன்னிக்க நீ யார்? கோயில் முன்மண்டபத்தில் நாலு ஆம்பிளைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பொறுத்துப் போம்மா, குடும்பம்னா அப்படித்தான்" என்று அனுப்பி வைக்கிறார்கள் பாருங்கள், அது கருணையே இல்லை, கோழைத்தனம்! இன்னொருத்தி முதுகில் நீ புண்ணியம் சம்பாதிக்கிறாய். 1994-இலேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. போலீசில் புகார் கொடுக்க அந்த அம்மாவோடு போங்கள். அரசாங்கத்தின் 'தாலியான் காசே' உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 15999, எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவோடு ஸ்டேஷன்வரை போவதும் தத்தன் நடைதான். ஊர் என்ன சொன்னாலும் தடுத்துக்கொண்டு கூட நடப்பது.

மழை கொஞ்சம் விட்டது. குரலுக்கு நல்லது.

இன்றைக்கு வருவோம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஜனங்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனார்கள். கள்ளுக்கடை பெரும்பாலும் ஒழிந்தது, குடி ஒழிந்ததா? மலிவான சம்சு சாராயப் போத்தல் வந்தது. அதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எத்தனையோ வருஷம் போராடியது, அதன் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ் கண் மூடுகிறவரை நம் ஜனத்துக்காகவும் குரல் கொடுத்தார். அந்தப் போராட்டம் வேண்டும். சட்டம் வேண்டும், மறியல் வேண்டும், மனு வேண்டும். அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். போராட்டம் கடைக் கதவை மூடும். கதவு மூடின பிறகு, வேலை முடிந்த சாயங்காலம் ஆறு மணிக்கு, அந்த மனுஷன் எங்கே போவான்? அதற்குப் போராட்டத்திடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

வள்ளல் பெருமான் இராமலிங்க அடிகள் பயிர் வாடினதைப் பார்த்தே நெஞ்சு வாடினவர். அதோடு நின்றாரா? 1867-இல் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டினார். இன்னும் அணையவில்லை. பசி கூடாது என்று சொன்ன வாய், சோறும் போட்டது.

இன்னொன்று, பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். பல வருஷமாகத் தினம் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும், வலிப்புகூட வரும். உயிரே போகலாம். அறையில் பூட்டி வைக்கிறேன், மாலை போட்டு சத்தியம் வாங்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், டாக்டர் பார்த்து மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்தட்டும். வெளியே பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பது? நீங்கள்தான். இரண்டு மணி நேரம் ஆகும், மூன்று மணி நேரம் ஆகும். கைப்பேசியைப் பார்க்காமல் அவனிடம் பேசிக்கொண்டு உட்காருங்கள். மறுபடி குடித்துவிட்டு வருவான். மறுபடி அழைத்துப் போங்கள். வெட்டுவது சுலபம், கூட நடப்பதுதான் கஷ்டம். எத்தனையாவது தடவை சொல்கிறேன்? எண்ணினீர்களா? (சிரிப்பு) எண்ண வேண்டாம், செய்யுங்கள்.

தொண்டர் படைத் தம்பிமார் உயிரைக் கொடுத்துக் கேட்ட நல்லதில் பாதியை இந்த நாடு செய்துவிட்டது. மீதிப் பாதி போலீசாலும் ஆகாது, மறியலாலும் ஆகாது. அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தட்சிணை வேண்டாம், சால்வை வேண்டாம். இந்த மாதச் சம்பள நாள் சாயங்காலம், உங்கள் வரிசையில், உங்கள் தாமானில், எல்லாரும் ஒதுக்கி வைத்த ஒருவரைத் தேடிப் போங்கள். அண்ணே என்று கூப்பிடுங்கள், பசியாறினீர்களா என்று கேளுங்கள், வீடுவரை அவரோடு நடங்கள். அந்த வீட்டு அம்மா முகத்தில் காயம் இருந்தால் முதலில் அவர்கள் பக்கம் நில்லுங்கள். அடுத்த கார்த்திகை உத்திரத்துக்கு அவர்களை எல்லாம் அழைத்து வந்து இந்தப் பந்தியில் பக்கத்தில் உட்காரவையுங்கள். நாயனாருக்கு அதுவே குருபூசை.

திருச்சிற்றம்பலம். எழுந்திருங்கள், இலை போடலாம். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதல் பந்தி.