பின்னால் வந்தவள் மேல் பழி

நாம் எழுதும் நிரலைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் ஜாவாவின் கம்பைலர் 'இன்கம்பாட்டிபிள் டைப்ஸ்' என்கிறது. அதாவது, பொருத்தமில்லை. ஜாதகம் பார்க்கிற ஊரில் நமக்கு இது பழகிய சொல்தான்.

பொருத்தமில்லை என்பது இரண்டுக்கும் இடையில் உள்ள விஷயம். அது எப்படி ஒன்றின் குற்றமாகிறது?

ஒரு நிரலில் இரண்டு கிளைகள்: தேறினால் மதிப்பெண்ணைக் கொடு, தேறாவிட்டால் 'தோல்வி' என்ற சொல்லைக் கொடு. ரஸ்ட் போன்ற, வகையைத் தானே ஊகிக்கும் மொழியில் கம்பைலர் முதல் கிளையைப் பார்த்ததும் 'விடை எண்தான்' என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த கிளையில் சொல் வந்தால் அதன் அடியில் கோடு விழும். நிபந்தனையைத் திருப்பிப்போட்டுக் கிளைகளை இடம் மாற்றுங்கள். இப்போது எண் குற்றவாளி. பொருள் மாறவில்லை, வரிசைதான் மாறியது. முதலில் வந்தது வழக்கம், பின்னால் வந்தது பிழை. மருமகளாகப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பருத்திப்பட்டில் என்னிடம் நிரல் படிக்கும் கல்லூரிப் பெண்கள் பிழைச்செய்தியைக் கண்டதும், "எனக்கு இது வராதுக்கா" என்பார்கள். மதிப்பெண் ஒரு எண் என்ற அறிவிப்பு லேப் கையேட்டில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். இவள் எழுதியது அதற்குக் கீழே ஒரு வரி. கம்பைலர் சுட்டுவது அந்த வரியை மட்டும்.

1986இலேயே மிட்செல் வாண்ட் இதற்கு ஒரு வழி எழுதினார்: ஒவ்வொரு முடிவுக்கும் எப்படி வந்தோம் என்பதைக் கம்பைலர் குறித்துவைத்துக்கொண்டு, முரண் வரும்போது அந்தக் காரணங்களைக் காட்ட வேண்டும். இன்று ரஸ்டின் கம்பைலர் இரண்டாம் கிளையைச் சுட்டும்போதே, 'இதனால்தான் அப்படி எதிர்பார்த்தேன்' என்று முதல் கிளையையும் காட்டுகிறது. எல்ம் மொழி 'நான்' என்று தன்மையில், பணிவாகப் பேசுகிறது. எனக்குப் பணிவைவிட அந்த இரண்டாவது கோடுதான் முக்கியம். இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே பழியை அதே இடத்தில் வைக்கலாம், வீடுகளில் பார்த்ததுதானே.

தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் இருக்கிறது. ஆனால் 'பொருந்தவில்லை' என்பதை எந்த மொழியில் சொன்னாலும், எதிர்பார்த்தது யார், எதை வைத்து என்று சொல்லாவிட்டால் அது பாதிச் செய்திதான். இரண்டு கோடுகளும் தெரிந்த பிறகு வேறு கேள்விகள் எழும்: தேறாதவளுக்கும் மதிப்பெண்ணையே கொடுப்பதா, இருவருக்கும் சொல்லையா, இல்லை இரண்டையும் ஏற்கும் புது வகை ஒன்றை அமைப்பதா?