வலியைச் சொல்வதும் பொறுமையும்

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் துயரத்தில் முளைத்தது அடையாற்றுப் புற்றுநோய் நிலையம். 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கப் பெற்றது. 2021இல் மறையும்வரை டாக்டர் சாந்தா தம் வாழ்வையே அதற்கு ஈந்தார். ஏழைகள் பலர் அங்கே கட்டணமின்றிச் சிகிச்சை பெறுகின்றனர்.

இத்தகைய இடங்களில், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மருத்துவர் வினவினால் நம்மவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்பர். தையலிட்ட இடத்து வலியால் இரவெல்லாம் துடித்தவரும் அதையே சொல்வர். இலவசமாய்ப் பெற்றவர் குறை கூறலாமா என்னும் கூச்சம் பாதி. பொறுமைக்கு இழுக்காகுமே என்னும் அச்சம் பாதி.

புகழ் இறைவனுக்குரியது. வலியின் விவரம் மருத்துவருக்குரியதன்றோ? அய்யூப் நபி (அலை) அவர்கள் தம் துன்பத்தை எடுத்துரைத்தார்கள். அவர்களைத்தான் திருமறை பொறுமையாளர் என்று போற்றுகிறது. 'அவர்கள் முறையிட்டது இறைவனிடம், மனிதரிடமன்றே' எனலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ தம் தலைவலியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வாய்விட்டே கூறினார்கள்.

அறுவைக்குப்பின் தோன்றும் புதுவலி, உள்ளே சீழ் பிடிப்பதன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். மருத்துவரிடம் அதை மறைத்துவிட்டு, மனநிறைவு என்று ஏட்டில் எழுதச் செய்வது உண்மையாகுமா? நோயாளியை மட்டும் குறை சொல்வானேன்? நலம் விசாரிக்கச் செல்லும் நாமும், அவர் வாய் திறக்குமுன்பே "பொறுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம்.