வயதுக் கோளாறு

குமரப் பருவத்தைப் புயற்காலம் என்றார் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டான்லி ஹால். இதற்காக 1904-இல் இரண்டு பெரிய தொகுதிகளையே எழுதினார். 1925-இல் சமோவாத் தீவுக்குப் போன மார்கரெட் மீட், அங்குள்ள பெண்களிடம் அந்தப் புயல் இல்லை, எல்லாம் வளர்ப்பைப் பொறுத்தது என்றார். அதை 1983-இல் டெரிக் ஃப்ரீமன் மறுத்தார். அறிஞர் வழக்கு லேசில் தீராது.

சரி, புயல் இயற்கை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் பெற்றவர்களின் பொறுப்பு குறைந்துவிடுமா? மழையும் இயற்கைதான், கூரை வேய்வது யார் வேலை? 'வயதுக் கோளாறு' என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி உண்டு: பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று யோசிக்கவே வேண்டியதில்லை! அவன் கோபத்தில் பாதி வயதினால் வந்ததாகவே இருக்கட்டும். மறுபாதி, அவனுடைய நோட்டுப் புத்தகத்தை அவனறியாமல் நாம் புரட்டியதால் வந்ததாக இருக்கலாம்.