பெரிய மிருகம், சின்ன வேட்டை

இலங்கை மலைநாட்டு டிக்கோயாவில் கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலத்தில் தோட்டத்துத் துரைமாருக்கு வேட்டை என்றால் முதலில் மரைதான். புள்ளிமான் தாழ்நிலத்துப் பிராணி. இந்தக் குளிரில் அது இல்லை. தேயிலை மலைக்கு மேலே காடு தொடங்கும் இடத்தில் கேழையாடு குரைக்கும். இன்னும் ஏறினால், பொகவந்தலாவைக்கு அப்பால் ஹோட்டன் சமவெளிப் புல்வெளியில் மரை மேயும். அதிலும் சலித்துப்போன ஒரு துரை, 'இதைவிடக் கடினமான வேட்டைக்கு எங்கே போகலாம்?' என்று கிளப்பில் கேட்டிருந்தால் பலரும் சொல்லியிருக்கக்கூடிய பதில் யானை.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு பழைய புகழ் இருந்தது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அத்தனை யானைகளாலும் முடியாததை மழைமேகம் முடித்துவிட்டது என்று மலைநாட்டில் கதை உலாவியதில் வியப்பில்லை. கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

யானை வேட்டையில் ஆபத்து உண்மையானதுதான். அடர்ந்த காட்டில் சில அடி தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. குண்டு மூளையில் பட வேண்டும். அதற்கு மிக அருகே போக வேண்டும். வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கி ஒரு தடவை வெடித்தால் மறுபடி நிரப்ப நேரம் கிடைக்காது. பின்னால் நிற்பவர் அடுத்த துப்பாக்கியை உடனே நீட்ட வேண்டும். அவர் பயந்து ஓடிவிட்டால் துரையின் கதை முடிந்தது.

இருந்தும் எண்ணிக்கை வேறு ஒன்றைச் சொல்கிறது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக, இலங்கையில் அரசாங்க அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதினார். 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில் 2,000க்கு மேல். தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே தந்தம் உண்டு. ஆகவே தந்தத்துக்காக நடந்த கொலை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஆள் ஆயிரத்தைத் தாண்ட முடிகிறதென்றால், அந்த வேட்டையைக் கடினமானது என்று எப்படிச் சொல்வது? உடம்பு பெரிதாக இருப்பதால் வேட்டை பெரிதாகிவிடாது. ஹோட்டன் சமவெளியிலும் ஒருகாலத்தில் யானை இருந்தது; இன்று இல்லை.

என் கணக்கில், துரை சலித்துப்போன அந்த மரை வேட்டைதான் கடினமானது. சாமுவேல் பேக்கர் அதைச் செய்த விதத்தில் செய்தால். 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்து 1855 வரை இருந்த இவர், பிற்பாடு ஆப்பிரிக்காவில் அல்பர்ட் ஏரியைக் கண்டு பெயர் வாங்கியவர். மரைக்கு அவர் துப்பாக்கி எடுக்கவில்லை. வேட்டைநாய்க் கூட்டமும் ஒரு கத்தியும்தான். மூடுபனிக் காட்டில் குறிபார்க்க இடைவெளி கிடையாது, நாய்கள் நடுவில் ஓடும்போது சுடவும் முடியாது. நாய்க் குரலைக் காதில் வைத்துக்கொண்டு பள்ளத்திலும் மேட்டிலும் ஓட வேண்டும். விரட்டப்பட்ட மரை கடைசியில் ஆற்றில் இறங்கும். பாறையை முதுகுக்கு வைத்து, வயிறளவு தண்ணீரில் கொம்பைத் தாழ்த்தி நிற்கும். அதற்குக் கால் தரையில், நாய்க்கு நீச்சல். நெருங்கிய நாயைக் கொம்பால் குத்தும், முன்காலால் அமுக்கும். 200 கிலோவைத் தாண்டும் அந்த உடம்பின் பக்கத்தில், எலும்பு குளிரும் தண்ணீரில் மனிதன் கத்தியோடு இறங்க வேண்டும். இதில் மரைக்கும் வாய்ப்பு இருந்தது. அதற்காக இதை நல்ல விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. செத்த நாய்களின் கணக்கும் அதில் உண்டு.

ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1893இல் அப்புத்தளைக்கும் வந்தது. அங்கிருந்து கொஸ்லந்த, வெல்லவாய வழியாகத் தெற்கே இறங்கலாம். ஆனால் மிருகம் குறைந்துவிட்டிருந்தது. 1894இல் வேட்டைக்காரர்களே சேர்ந்து வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். யாலவில் ஒரு பகுதி தீவில் வசிக்கும் வேட்டைக்காரர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கே 1908இல் முதல் காவலராக வந்தவர் ஏங்கல்பிரெக்ட், போயர் போரில் கைதியாகி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். உரிமம் வாங்கினால் சிறுத்தை, கரடி, காட்டெருமை. கோடையில் குளம் குட்டை வற்றியதும் மிச்சமிருக்கும் ஒரே தண்ணீர்க்குழியின் ஓரம் மறைந்து உட்கார்ந்தால் போதும், தாகத்துக்கு எல்லாமே வரும். பயணம்தான் பெரிது, வேட்டை மிகச் சின்னது.

எந்தத் திசையில் போனாலும் துரை தனியாகப் போனதில்லை. சுமை தூக்கியவர்கள், நாய் பிடித்தவர்கள், காட்டுப் பாதை வெட்டியவர்கள், அந்த இரண்டாவது துப்பாக்கியை நீட்டியவர்கள் எல்லோரும் கூடவே இருந்தார்கள்; துப்பாக்கி நீட்டியவர் யானைக்கு முன் துரை நின்ற அதே தூரத்தில்தான் நின்றார். சுவரில் மாட்டிய கொம்புக்குக் கீழே அவர்கள் பெயர் எழுதப்படவில்லை.

1937இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று மரை, யானை, சிறுத்தை, கரடி எதையும் தொட முடியாது. காட்டுப்பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே மலைநாட்டில் மிஞ்சியிருக்கும் வேட்டை பெரும்பாலும் சுருக்குக் கம்பி. பழைய பிரேக் வயர் ஒரு துண்டு, மரக்கறித் தோட்டத்து வேலியின் இடைவெளியில் பன்றியின் தலை உயரத்துக்கு ஒரு வளையம், மறுமுனை பக்கத்து மரத்தில். வைத்தவர் வீட்டில் தூங்கலாம். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் இப்படி ஒரு சுருக்கில் மாட்டிய கறுஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள்; சில நாட்களில் செத்துவிட்டது. பயிரைப் பன்றி அழித்த ஆளின் வயிற்றெரிச்சலும் பொய்யில்லை, அதைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் பேசுவது நேர்மையல்ல.

இன்றைக்கு அந்தத் துரையின் கேள்வியை யாராவது கேட்டால், டிக்கோயாவை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. டன்கெல்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஆய்வாளர்கள் தேயிலைக்கு நடுவே நடமாடும் சிறுத்தைகளைத் தேடுகிறார்கள். கவாத்து வெட்டுபவரும் கொழுந்து எடுப்பவரும் பகலில் நடக்கும் அதே தோட்டப் பாதையில் இரவில் சிறுத்தை நடக்கிறது. ஒவ்வொன்றையும் அடையாளம் காணப் பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கமரா கட்ட வேண்டும். இடது விலாவின் புள்ளிகளும் வலது விலாவின் புள்ளிகளும் ஒன்றல்ல. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் ஒரே சிறுத்தையை இரண்டு என்று எண்ணிவிடலாம்.