கைப்பிடிக்குள் அடங்காத கை

இளம்பிள்ளையில் எங்கள் தறிக்கூடத்து மாடியறையில் மகனோடு பழைய பிளேஸ்டேஷனில் ஏஸ் காம்பாட் 2 விளையாடினேன். சோனி 1996-இல் வெளியிட்ட ஜாய்ஸ்டிக்கை மாட்டியிருந்தான். கைப்பிடியை லேசாகச் சாய்த்தால் விமானமும் லேசாகச் சாய்ந்தது. உள்ளிருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் சாய்வை 0 முதல் 255 வரை எண்ணாகச் சொல்லுமாம்.

அதற்கு முந்தைய கேசட் பெட்டிகள் பலவற்றில் இந்த நுணுக்கம் இல்லை. 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம் எட்டுப் பொத்தான்களை மட்டுமே அறியும். அழுத்தினாயா, இல்லையா? அவ்வளவுதான் கேட்கும். கை எவ்வளவு மென்மையாய் நினைத்தாலும் அந்த மென்மை உள்ளே போகாது.

கீழே ஓடும் ஜக்கார்டு தறியும் அப்படித்தான். அட்டையில் துளை இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. ஆனாலும் புடவையில் மாங்காயின் வளைவு வந்துவிடுகிறதே!

உயிருக்கு உடலும் கருவிகளும் உலகும் நுகர்ச்சியும் இறைவன் தந்தவை என்கிறது சைவ சித்தாந்தம். தனு, கரணம், புவனம், போகம். கரணம், அதாவது கருவி, இப்படிக் குறுகிப்போனால் உயிரும் குறுகிவிடுமா? என் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு போனது. கையை ஒருமுறை அழுத்தினால் ஆம், அழுத்தாவிட்டால் இல்லை. ஆனால் உயிர் குறுகவில்லை. நான் உறுதியாக நம்புகிறேன். அமாவாசையன்று, "கஞ்சமலைக்குப் போலாங்களாப்பா, சித்தர் கோயிலுக்கு?" என்று கேட்டேன்.

அழுத்தினார். பிறகு நெடுநேரம் விடவேயில்லை.